அலமாரியில் ஐம்பது, வாயில் ஒன்று

லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் பியூலே என்று ஒரு புகையிலைக் கடை இருந்தது. விக்டோரியா ராணி ஆட்சியின் பிற்பகுதி. கனவான்கள் வாயில் வைக்கும் பைப்புகளுக்குப் பேர்போன கடை. அதே கடை பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுக் கூவி விற்ற இன்னொரு சரக்கு, ஒரு சுருட்டு. பெயர் ‘ஃப்ளோர் டி திண்டிக்கல்’. ஹவானா சுருட்டுகளின் ஸ்பானிய மினுக்கை முன்னால் ஒட்டிக்கொண்டாலும், பின்னால் நிற்பது நம்ம திண்டுக்கல்தான்.

பியூலே முத்திரை உள்ள பழைய பைப்பை வாங்க இன்றைக்கும் ஆள் இருக்கிறது. முந்தைய சொந்தக்காரரின் பல் தடத்தைத் தேய்த்து, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, மெழுகு போட்டு மெருகேற்றிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். அந்தச் சுருட்டில் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. மிச்சம் இருந்தால் அது செய்ய வந்த வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பைப் சேகரிப்பவர்கள் நாலு பேர் கூடினால் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. உங்களிடம் இருப்பதிலேயே ரொம்பப் பிடித்தது எது, அதை எத்தனை நாளைக்கு ஒரு தடவை பிடிப்பீர்கள்? பிடித்ததைத்தானே அடிக்கடி பிடிப்பார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் பதில் பெரும்பாலும் தலைகீழாகவே வரும். உசத்தியான பைப் மாதக்கணக்கில் தூங்கும். பேர் தெரியாத, விளிம்பு கருகிய, அடகுக்குக்கூடப் போகாத ஒரு பைப்தான் தினமும் வேலை பார்க்கும்.

இந்தக் கதையைக் காந்திகிராமத்தில் இருந்துகொண்டு சொல்வது கொஞ்சம் குறும்புதான். சிறுமலை அடிவாரம், அம்பாத்துரை ரயில் நிலையத்துக்குப் பக்கம், 1947-இல் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்தியின் பெயரால் தொடங்கிய நிலம் இது. புகையிலை என்ற சொல்லே இங்கே கூச்சத்தோடுதான் நுழையும். ஆனால் இங்கிருந்து வடக்கே போனால் திண்டுக்கல், ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய ஊர். அதையும் தாண்டி வேடசந்தூர் போனால் புகையிலைக்கென்றே மத்திய அரசு தொடங்கிய ஆராய்ச்சி நிலையம். காந்தியின் பெயர் கொண்ட ஊர், நாட்டின் பேர்பெற்ற சுருட்டு மண்ணின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. பைப் ரசிகரின் கேள்விக்கு இந்த மண்ணுக்கும் சொல்ல ஒரு பதில் உண்டு.

மரத்துக்கும் லீவு

முதலில் பைப். நம் ஊரில் பலரும் அதைச் சினிமாவில்தான் பார்த்திருப்போம். நீள கவுன் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வரும் எஸ்டேட் முதலாளி, வாயிலிருந்து பைப்பை எடுத்து, மகளின் காதலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி வாயில் வைப்பார். அதில் புகை வந்ததாக ஞாபகம் இல்லை. நிஜத்தில் ஜே.ஆர்.டி. டாட்டா பைப்போடு நிற்கும் படங்கள் உண்டு. அவருக்கு அது பொருந்தவும் செய்தது. மற்றபடி நம்மவர்களுக்கு அது துரை வீட்டுச் சாமான். பழைய ஆட்கள் சுங்கான் என்பார்கள்.

நல்ல பைப் என்றால் ப்ரையர். மத்தியதரைக் கடல் ஓரத்து வறண்ட மலைகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியில், வேரும் தண்டும் சேரும் இடத்தில் உருண்டையாக ஒரு கட்டை திரளும். அது திரளவே பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டி எடுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் நிழலில் காயவிட்டுப் பிறகு கடைவார்கள். நெருப்பை நெஞ்சில் வைத்தும் கருகாத மரம் என்பதால் இதற்கு இந்த மரியாதை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஸான் க்ளோட் ஊர் இதில் பேர் வாங்கியது. அதற்கு முன் ஐரோப்பாவில் சாமானியர்களுக்குக் களிமண் பைப்தான். உடைந்தால் தூக்கி எறிந்துவிடலாம். அப்படி எறிந்த துண்டுகள் தேம்ஸ் நதியில் தண்ணீர் இறங்கும்போது கரைச்சேற்றில் இன்றும் அகப்படுகின்றன.

மரத்தில் பிடிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. இலை எரியும்போது புகையோடு நீராவியும் வரும். அதைச் சுற்றியிருக்கும் மரம் உறிஞ்சிக்கொள்ளும். அது காய்வதற்குள் மறுபடி நிரப்பிக் கொளுத்தினால் புகை புளிக்கும், கசக்கும். ஈரமும் சூடும் மாறி மாறித் தாக்கினால் மரம் விரியும். ஒருநாள் கிண்ணத்தின் பக்கச்சுவர் கருகி ஓட்டையே விழும். அதனால் பைப்காரர்களிடையே ஓர் எழுதாத சட்டம்: ஒருமுறை பிடித்த பைப்புக்கு ஒரு நாளாவது ஓய்வு. பக்திமான்கள் இரண்டு, மூன்று நாள் தருவார்கள். 1907-இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில்லின் நிறுவனம், ஒரே பெட்டியில் ஏழு பைப் அடுக்கி, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று விற்றது. வாங்குகிறவருக்கும் ஒரு சாக்கு கிடைத்தது. ஒன்று போதுமே என்று வீட்டில் கேட்டால், மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாக்கு அதோடு நிற்பதில்லை. கிண்ணத்தின் உட்புறம் புகைக்கப் புகைக்கக் கரி படியும். அது ஒரு நாணயத்தின் கனத்துக்கு இருந்தால் மரத்துக்குக் கவசம். கூடிவிட்டால் சூட்டில் விரிந்து அந்த மரத்தையே பிளக்கும். போதாக்குறைக்கு, ஒரு புகையிலையின் வாசனை மரத்தில் தங்கி அடுத்த புகையிலையிலும் வரும். சிரியாவிலும் பிறகு சைப்ரஸிலும் விறகுப்புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா இலையை ஒருமுறை போட்ட பைப்பில் அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் அடுப்படி வாசம்தான். எனவே லட்டாக்கியாவுக்குத் தனி பைப், இனிப்பான வர்ஜீனியா இலைக்குத் தனி பைப், வாசனை சேர்த்த கலவைக்கு இன்னொன்று. இப்படியே ஏழு பதினாலாகும், பதினாலு ஐம்பதாகும்.

இங்கே ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு. ஒருவர் தினம் இரண்டு முறை பைப் பிடிக்கிறார் என்று வையுங்கள். வருஷத்துக்கு 730 தடவை. ஏழு பைப் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நூறு சொச்சம் முறை வரும். ஐம்பது இருந்தால் பதினைந்துக்கும் குறைவு. முந்நூறு இருந்தால் இரண்டோ மூன்றோ முறை. அதுவும் எல்லாவற்றையும் சமமாக நடத்தினால். யாரும் அப்படி நடத்துவதில்லை. கைக்கு எட்டுகிற நாலைந்துதான் சுற்றிச் சுற்றி வரும். கார் ஓட்டும்போது ஒன்று, தோட்டத்தில் வேலை செய்யும்போது ஒன்று, ராத்திரி படிக்கும்போது ஒன்று. கோபன்ஹேகனில் சிக்ஸ்டன் இவார்சன் என்ற பைப் கலைஞர் கையால் கடைந்தது, கல்யாணப் பரிசாக வந்தது, செத்துப்போன நண்பனுடையது எல்லாம் மேல்தட்டில் இருக்கும். பீரோவின் அடியில் மடித்த காஞ்சிப்பட்டும் கொடியில் காயும் சின்னாளப்பட்டிச் சுங்குடியும் ஒரே வீட்டில் இருப்பது போலத்தான். எதன்மேல் ஆசை என்று கேட்டால் பட்டைக் காட்டுவார்கள். எதைக் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் சுங்குடி.

வெள்ளைக் கல்லில் செய்யும் பைப்பில் இது உச்சத்துக்குப் போகும். துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கும் மீர்ஷாம் கல், புகையைக் குடிக்கக் குடிக்கப் பாலிலிருந்து தேன் நிறத்துக்கும், பிறகு பழுப்புக்கும் மாறும். சமமாக நிறம் ஏற வேண்டுமென்றால் விடாமல் பிடிக்க வேண்டும். அழகிய செதுக்கல் வேலை பழுதாகாமல் இருக்க வேண்டுமென்றால் தொடவே கூடாது. சொந்தக்காரர் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும். நடுவில் நிற்பவரின் பைப்தான் திட்டுத் திட்டாக நிறம் ஏறி எதற்கும் ஆகாமல் போகும்.

ஓய்வே தராதவர்கள்

பைப்பால் பேர் வாங்கியவர்களைப் பார்த்தால் இந்தச் சட்டதிட்டத்தை மதித்தவர்களாகத் தெரியவில்லை. கதாபாத்திரங்களில் முதல் குற்றவாளி ஷெர்லக் ஹோம்ஸ். முந்தின நாள் முழுக்கப் பிடித்த பைப்புகளின் அடியில் மிஞ்சிய ஈரக் கசடுகளைக் கணப்பு மேடையில் காயவைத்துச் சேர்த்து, காலை உணவுக்கு முன்பு அதையே நிரப்பிப் பிடிக்கும் ஆசாமி அவர். சேகரிப்பாளர்கள் கண்ணில் ரத்தம் வரும். ஒரு புதிரை மூன்று பைப் பிடிக்கும் நேரத்தால் அளந்தவரும் அவரே. சுரைக்காய் பைப்பும் ஹோம்ஸும் பிரியாத ஜோடி என்று நினைக்கிறோம். கதைகளில் அவரிடம் இருப்பது களிமண், ப்ரையர், செர்ரி மர பைப்புகள்தான். வளைந்த சுரைக்காய், நாடகமும் சினிமாவும் பின்னால் மாட்டிவிட்டது.

நமக்கு அவரிடம் வேறு வேலை இருக்கிறது. 1887-இல் வந்த முதல் கதையான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்துக் கொலைகாரன் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பிடித்தவன் என்று ஹோம்ஸ் சொல்கிறார். 140 வகைப் புகையிலைச் சாம்பல் பற்றி ஒரு சிறு நூலே எழுதியவர் என்று கோனன் டாயில் அவருக்குப் பட்டம் கட்டுகிறார். அந்தத் திருச்சிச் சுருட்டுக்கு இலை எங்கிருந்து போனது? பெரும்பகுதி திண்டுக்கல் சீமையிலிருந்து. உருட்டியது உறையூர், விளைந்தது இங்கே, பேர் திருச்சிக்கு. சர்ச்சில் விரும்பிப் பிடித்தது எங்கள் சுருட்டு என்று உறையூரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அவர் கியூபாச் சுருட்டின் ஆள் என்று உலகம் சொல்லும். நமக்கு எதற்கு வம்பு.

நிஜ மனிதர்களில் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மட்டுமே பைப்பைக் கீழே வைத்தவர். 1948 அக்டோபர் 2 அன்று நார்வேயில் அவர் பயணம் செய்த கடல் விமானம் டிரோண்ட்ஹைம் அருகே தண்ணீரில் விழுந்தது. புகைபிடிக்கும் பகுதியில்தான் இடம் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இறந்த 19 பேரும் புகைபிடிக்காதோர் பகுதியில் இருந்தவர்கள். 76 வயது ரஸ்ஸல் குளிர்ந்த நீரில் நீந்தி உயிர் தப்பி, 97 வயது வரை இருந்தார். பைப்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்தத் தேதி, காந்தி மறைந்த பிறகு வந்த முதல் காந்தி ஜெயந்தி என்பதை அவர்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஐன்ஸ்டைன் கதை வேறு. டாக்டர் புகைக்கக் கூடாது என்றபின் வெறும் பைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தார். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய பைப்பின் வாய்ப்பகுதி பல்லால் கடித்துத் தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு அவரிடமிருந்து வரக்கூடிய பதில்: எப்போதும், ஆனால் ஒருமுறைகூட இல்லை.

பைப் ஏறாத இலை

லண்டன் கடை திண்டுக்கல் பெயரைச் சொல்லி விற்றதே, அந்த இலையைப் பைப்பில் போட்டுப் பிடித்தார்களா? மாட்டார்கள். அதற்கு மண்ணும் தண்ணீரும் காரணம்.

பைப் கலவைகளில் பெரும்பகுதி, மூடிய கொட்டகையில் சூடு ஏற்றிப் பொன் நிறத்துக்கு உலர்த்திய வர்ஜீனியா வகை. சர்க்கரை மிகுந்தது. ஆந்திராவிலும் மைசூர்ப் பக்கமும் விளைவது அந்த ஜாதி. திண்டுக்கல் இலை கறுப்பு. செடியோடு அறுத்து, கம்பில் கட்டித் தொங்கவிட்டுக் காற்றிலும் வெயிலிலும் காயவைத்து, பிறகு அம்பாரமாகப் போட்டு மூடி, உள்ளே சூடு ஏற ஏறப் பிரித்து மாற்றிப் போட்டுப் பதப்படுத்துவார்கள். ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்பவை இங்கே பேர்போன சுருட்டு ரகங்கள். ஒரு கிராம் விதையில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும் என்பதால் நாற்றங்காலுக்கு ஒரு சிட்டிகை போதும். ஐப்பசி மழையை ஒட்டி நட்டு, தை மாசிக்கு மேல் அறுப்பு. நடுவில் பூவிடாமல் நுனியைக் கிள்ளிவிடுவதும், பக்கத்தில் வெடிக்கும் கன்றுகளை ஒடிப்பதும்தான் ஓயாத வேலை. நிகோடின் உற்பத்தியாவது வேரில். நுனியைக் கிள்ளினால் பூவுக்குப் போகவேண்டிய தெம்பெல்லாம் இலைக்குத் திரும்பும். இலை தடிக்கும், காரம் ஏறும்.

தண்ணீர் விஷயம் இன்னும் சுவாரசியம். கிணற்று நீரில் உப்பு அதிகமானால், அதிலுள்ள குளோரைடு இலையில் ஏறி, இலை ஒழுங்காக எரியாது. பற்றவைத்தால் அணைந்து அணைந்து போகும். பொட்டாசியம் கூடினால் நின்று எரியும். ஆகவே நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவன் சுருட்டுப் புகையிலை போட்டான். உப்புக் கிணறு வாய்த்தவன் மெல்லுகிற புகையிலை போட்டான். வாயில் மெல்லுவதற்கு நெருப்பு எதற்கு? வேடசந்தூர் வட்டாரத்தில் உப்பு நீரிலேயே தளதளவென்று நின்றது அந்த இலைதான். அதைப் பதப்படுத்தக் கருப்பட்டிக் கரைசல் தெளிக்கும் வழக்கமும் உண்டு. 1948-இல் வேடசந்தூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் சுருட்டு, மெல்லும் புகையிலை இரண்டையும் கவனித்தது. மீனாட்சி, அபிராமி, வைரம் என்று ரகங்கள் வெளியிட்டது. மதுரை அம்மனும் திருக்கடவூர் அம்மனும் இப்படிப் புகையிலைக்குப் பெயர் கொடுத்தார்கள். அங்கு விலாஸ் போயிலைப் பொட்டலம் திண்டுக்கல் பேரைத் தமிழ்நாட்டு வெற்றிலைப் பெட்டிகளில் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சுருட்டு வியாபாரம் வேறு தளத்தில் ஓடியது. சென்னை மவுண்ட் ரோட்டில் கடை வைத்த ஸ்பென்சர் கம்பெனி, திண்டுக்கல்லில் தொழிற்சாலை வைத்து உருட்டி, மரப்பெட்டியில் அடுக்கி, ரயிலிலும் கப்பலிலும் அனுப்பியது. ‘லைட் ஆஃப் ஏசியா’ அதன் பேர்போன சரக்கு. உள்ளே வைக்கும் இலை இங்கத்தியது. மேலே சுற்றும் மெல்லிய இலைக்கு ஜாவா, சுமத்ராவை எதிர்பார்த்தார்கள். நம்முடைய இலை தடித்தது, மேலாடைக்கு முரடு. துரைமார் கிளப்புகளுக்கு அந்தப் பெட்டிச் சுருட்டு போனது. மேலிலை நாசூக்கு எதுவும் இல்லாமல், இரு முனையும் திறந்து, கோணல்மாணலாக உருட்டிய நாட்டுச் சுருட்டு ஊர்ச் சந்தைகளுக்குப் போனது.

இந்த இலையின் புகைக்குக் காரத்தன்மை உண்டு. நிகோடின் வாயின் உட்தோலிலேயே இறங்கிவிடும், நெஞ்சுவரை இழுக்க வேண்டியதில்லை. சிகரெட் புகை அமிலப் பக்கம் சாய்ந்தது, நுரையீரல் வரை போனால்தான் ஏறும். சுருட்டுக்காரப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, இழுக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல், பல்லிடுக்கில் அதைச் சும்மா வைத்திருப்பதன் ரகசியம் இதுதான்.

வேடசந்தூர்ப் பக்கம் அப்படி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். காதில் பாதிச் சுருட்டு செருகியிருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை, தாத்தா?”

“ரெண்டுதேன் தம்பி. காலையில ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு.”

“ஒன்று முடிய எவ்வளவு நேரம் ஆகும்?”

“அதெங்க முடியுது? ரெண்டு இழுப்பு இழுத்து அணைச்சிருவேன். மாட்டை அவுத்துட்டு வந்து ஒரு வாட்டி, சோறு தின்னுட்டு ஒரு வாட்டி. ஒரே சுருட்டை அஞ்சாறு வாட்டி பத்த வைப்பேன்.”

பைப் சேகரிப்பைப் பற்றிச் சொன்னேன். ஒருவரிடம் ஐம்பது இருக்கும், ஒன்றைப் பிடித்தால் அடுத்த மாதம்தான் அதன் முறை வரும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அம்புட்டையும் வச்சுக்கிட்டு அவரு என்ன, கடையா போடப் போறாரு?”

கவனித்தால், அவரும் ஓய்வு கொடுக்கிறவர்தான். பைப்காரர் மரத்துக்குத் தரும் ஓய்வை இவர் சுருட்டுக்குத் தருகிறார். காரணம் ஈரம் இல்லை, காசு. காது மடல்தான் அவருடைய அலமாரி, அதில் ஒரே ஓர் இடம். அணைத்துப் பற்றவைத்த சுருட்டு கசக்கும் என்று லண்டன் ரசிகர் மூக்கைச் சுளிப்பார். அந்தக் கசப்புக்கு நாக்கு பழகிய பின் புதுச் சுருட்டின் முதல் இழுப்புதான் சப்பென்று இருக்கும்.

பிரம்மனின் இலை

பத்திரமாக வைத்துக்கொள்வதைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய கதை இருக்கிறது, அதுவும் இந்த மாவட்டத்துச் சாமியைச் சுற்றி. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய ‘புகையிலை விடு தூது’ பழனி முருகன்மேல் பாடியது. உ.வே. சாமிநாதையர் 1939-இல் பதிப்பித்தார். அன்னம், கிளி, மேகம் என்று தூது விட்ட தமிழில், ஒரு புலவர் புகையிலையைத் தூது விட்டார். பழனி முருகனிடம் பஞ்சாமிர்தத்தோடு போக வேண்டிய விண்ணப்பம் போயிலையோடு போகிறது.

புகையிலையின் பிறப்பைப் பற்றி அதில் வரும் கதை இது. மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு. தேவர் சபையில் மூவரிடமும் ஆளுக்கோர் இலையைக் கொடுத்து, மறுநாள் கொண்டுவரச் சொல்கிறார்கள். சிவனிடம் வில்வம், திருமாலிடம் துளசி, பிரம்மனிடம் புகையிலை. வில்வத்தைக் கங்கை அடித்துப் போகிறது. துளசியைப் பாற்கடல் கொண்டுபோகிறது. பிரம்மன் மட்டும் தன் இலையைச் சரஸ்வதியிடம் கொடுத்து வைத்திருந்தார். அது பத்திரமாக இருந்தது. மறுநாள் சபையில் ஜெயித்தது அவர்தான்.

உலகத்தில் புகையிலையைக் கொளுத்தாமலே வைத்திருந்து பரிசு வாங்கிய முதல் சேகரிப்பாளர் பிரம்மன் என்று சொல்லலாம். புலவர் இதைக் கேலியாகப் பாடினாரா, பொடி போட்டுக்கொண்டு உற்சாகத்தில் பாடினாரா என்பது படிப்பவரின் சாமர்த்தியம். எப்படிப் பார்த்தாலும் அந்தக் காலத்திலேயே இந்த இலைக்கு ஒரு புராணம் தேவைப்பட்டிருக்கிறது. போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கிய, ஊருக்குப் புதிய ஒரு செடியை நம் சாமிகளோடு சொந்தம் ஆக்கவேண்டிய அளவுக்கு அது வீட்டுக்குள் வந்துவிட்டது.

எத்தனை தடவை?

காந்தியிடம் இதெல்லாம் செல்லாது. அவரும் சின்ன வயதில் புகைத்தவர்தான். சிற்றப்பா வீசிய சிகரெட் துண்டுகளைப் பொறுக்கியதையும், அது போதாமல் வேலைக்காரரிடம் இருந்த செப்புக் காசைத் திருடியதையும், கடைசியில் இந்த அடிமைத்தனம் வெறுத்து ஊமத்தை விதை தின்று சாகப் போனதையும் சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதினார். வளர்ந்த பின் புகையிலையைப் பற்றி அவரிடம் ஒரு நல்ல வார்த்தைகூட வாங்க முடியாது. பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதிகள் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தன. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்த காலம். ரஸ்ஸல் தண்ணீரில் விழுந்து சரியாக அறுபது வருஷம்.

விளம்பரத்துக்கு அதற்கு முன்பே, 2003-ஆம் வருஷச் சட்டத்தில் தடை வந்துவிட்டது. ‘ஃப்ளோர் டி திண்டிக்கல்’ என்று இன்று பத்திரிகையில் போட முடியாது. 2016-இலிருந்து புகையிலைப் பொட்டலத்தின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும் வாசகமும். மெல்லும் புகையிலைக்கு 2013-இல் தமிழ்நாட்டில் தடை வந்தபோது இந்த வட்டாரத்துத் தோட்டக்காரர்களுக்கு இடி. கண்வலிக்கிழங்கு, முருங்கை, மக்காச்சோளம் என்று கைமாறிய நிலம் நிறைய. தலைமுறையாகப் போயிலையில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். பயிரைத் திட்டுவது சுலபம். உப்புக் கிணற்றுக்கு என்ன பதில் என்று திட்டுகிறவர்கள் யாரும் சொல்லவில்லை.

அதற்காக இலையை மன்னித்துவிட முடியாது. பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-இலேயே எழுதிவிட்டார். ப்ரையர் பைப்பே அப்போது வரவில்லை. வடக்கு ஆந்திரக் கரையோரத்தில் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்களுக்கு மேல் அண்ணத்தில் புற்று வருவதை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நெஞ்சுக்கு இழுக்காத புகை பாதி பாவம் என்று சுருட்டுக்காரரும் பைப்காரரும் சொல்லிக்கொள்கிறார்கள். நுரையீரலுக்கு ஆபத்து சிகரெட்டைவிடக் குறையலாம். உதடும் நாக்கும் தொண்டையும் அந்தச் சலுகையைப் பெறுவதில்லை.

காந்திகிராமத்தில் சௌந்தரம் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணி கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. அவர் டாக்டருக்குப் படித்தவர். எந்த ஆஸ்பத்திரியிலும் புகைப்பவர் போய் உட்கார்ந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, பைப் சேகரிப்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் அதே கேள்விதான்: எத்தனை தடவை? பிடித்தது எது என்று மட்டும் அவர் கேட்கமாட்டார். அவரிடம் ஒரு பழைய வாய்பாடு உண்டு. அரை அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 14 கிராம் புகையிலை இருபது சிகரெட்டுக்குச் சமம். ஒரு தடவை பைப்பை நிரப்ப மூன்று கிராம் பிடிக்கும் என்று வைத்தால், தினம் இரண்டு தடவை பிடிப்பவரின் கணக்கு எட்டு, ஒன்பது சிகரெட். அதை வருஷங்களால் பெருக்குவார். ஐம்பது பைப்பையும் முறைவைத்துப் பிடிப்பவர், எதையும் நான் வருஷத்துக்குப் பதினைந்து தடவைக்கு மேல் தொடுவதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். பொய்யே இல்லை. டாக்டர் சீட்டில் 730 என்று எழுதிக்கொள்வார்.